நாற்பத்தொரு மில்லிமீட்டர்

முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த பத்தாவது அடியிலேயே, இனி நினைத்தபோது நிமிர முடியாது என்பது ஆவுடையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. நாலடி உயரம்கூட இருக்காது இந்தப் பாதை. அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். காலடியில் மேல்நோக்கிச் சரிந்து போகும் மரப்பலகை, வழுக்காமலிருக்க அதில் குறுக்கே அடித்த பட்டைகள், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, தலைக்கு மேலே கல், கல்லுக்கு மேலே கல், அதற்கும் மேலே கல். இருபத்துமூன்று லட்சம் கல் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் என்றால் அவள் கணவர் கோமதிநாயகம். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பிரமிடைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர். மகள் மஸ்கட்டிலிருந்து ஏற்பாடு செய்து கொடுத்த சுற்றுலாவில் கடைசியில் அதன் காலடிக்கே வந்து சேர்ந்தபோது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், வாசலுக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டவர். "நீ போ ஆவுடை. நீ ஓவர்சியர்லா, எனக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரியும். போட்டோ கீட்டோ ஒண்ணும் வேண்டாம். பாத்துட்டு வந்து உன் வாயால சொல்லு, அது போதும் எனக்கு." எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லியிருக்கலாம். பதினாறு வருஷமாக எந்தக் கூரைக்குக் கீழேயும் அண்ணாந்து பார்க்காமல் என்னால் உட்கார முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கவேண்டும், அதற்கு இந்தக் கல்லுக்குள் போவதே மேல் என்று, சரி போய்ட்டு வாரேன் என்றாள். இப்போது பின்னால் நாசரேத்துத் தங்கபுஷ்பம் வருகிறாள், சுற்றுலாவில் கூடவே வந்தவள், மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நடந்து பழகிய பெரிய உடம்பு, ஒவ்வொரு எட்டுக்கும் "ஆண்டவரே, ஆண்டவரே" என்கிறாள். முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பூட்ஸ். பூட்ஸ் நின்றால் ஆவுடையும் நிற்கவேண்டும். நின்றது. நின்றாள். எதிரே இறங்குகிறவர்களுக்கு ஒதுங்க ஒரு தோள் அகலம்கூட மிச்சமில்லை, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள், யாருடையதோ வியர்வை அவள் கையில் பட்டது, சூடாக இருந்தது. காற்று ஏற்கெனவே யாரோ மூச்சுவிட்டு மீதம் வைத்த காற்று. "அக்கா, நிக்காதிய, நடங்க, நின்னா எனக்குத் தலை சுத்துது" என்றாள் தங்கபுஷ்பம். "முன்னால போனாத்தான நானும் போக முடியும்" என்றாள் ஆவுடை, தன் குரல் தன்னுடையதாக இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எத்தனை அடி ஏறியிருப்போம். நூற்றுமுப்பது அடி நீளம் என்று அவர் சொன்னார். எண்ணினால் மனசு வேறெங்கும் போகாது என்று பட்டைகளை எண்ணத் தொடங்கினாள், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, அங்கே மனசு இடறியது, அடுத்ததைச் சொல்லாமல் நாற்பத்திரண்டுக்குத் தாவினாள்.

நாற்பத்திரண்டு நல்ல எண். நாற்பத்திரண்டு நீதிபதிகள். நேற்று மத்தியானம் கெய்ரோவில் கோரைத்தாள் ஓவியம் விற்கிற கடையில் அவர் சொன்னதுதான். மற்றவர்களெல்லாம் பூனையும் தாமரையும் போட்ட படங்களைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சுவரில் நீளமாக மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் நின்று, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி கையை வீசிச் சொன்னார். செத்தவன் ஒரு மண்டபத்துக்கு வருவான். மேலே வரிசையாக நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, நான் திருடவில்லை, நான் கொல்லவில்லை, நான் தராசைக் கெடுக்கவில்லை, நான் நிலத்து அளவைக் குறைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். "பொய்யும் சொல்லலாம்லா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். "சொல்லலாம்மா. வாய் என்ன வேணும்னாலும் சொல்லும். அதுக்குத்தான் நெஞ்சை எடுத்துத் தராசுல வைக்கான்." ஒரு தட்டில் நெஞ்சு, மறுதட்டில் ஓர் இறகு. தராசுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு முதலைத் தலையோடு ஒரு மிருகம், நெஞ்சு கனத்தால் தின்றுவிட. அதுவரைக்கும் ஆவுடை கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தராசின் கீழே நரித்தலையோடு ஒருவன் மண்டியிட்டிருந்தான். அவன் நெஞ்சைப் பார்க்கவில்லை, இறகையும் பார்க்கவில்லை. தராசுக் கம்பத்திலிருந்து தொங்கிய ஒரு சின்னக் குண்டை விரல்களால் பிடித்து, கண்ணைக் கூர்மையாக வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவன் என்ன செய்யுதான்?" என்று அவள்தான் கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. "தூக்குப் பாக்கான்" என்று சிரித்தார் கோமதிநாயகம். "உன் வேலைதான். தராசு நேரா நிக்கா இல்லையான்னு தூக்குக்குண்டு வச்சுப் பாக்கான் பாரு. மூவாயிரம் வருசத்துக்கு முன்னாலயே ஓவர்சியர் இருந்திருக்கான்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ராத்திரி ஓட்டல் அறையில் கண்ணை மூடினால் நூலில் தொங்குகிற குண்டு, ஆடி ஆடி, ஆட்டம் குறைந்து குறைந்து, நிற்கப்போகிறது, நின்றால் அளவைச் சொல்லிவிடுவார்கள், நிற்காதே நிற்காதே என்று விடியும்வரை அதை ஆட்டிக்கொண்டே கிடந்தாள்.

திடீரென்று தலைக்கு மேலே ஒன்றுமில்லை. நிமிர்ந்தாள். இடுப்பெலும்பு சத்தம் போட்டது. பெரிய கூடம் என்று அவர் சொன்னது இதுதான் போல. இருபத்தெட்டு அடி உயரத்துக்குச் சுவர், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டு மேலே போய்க் குறுகி, கீழே நிற்கிறவளைக் குனிந்து பார்க்கிற மாதிரி. ஓவர்சியர் கண் தன்னால் வேலை செய்தது. என்ன இணைப்பு! ஒரு தாளைச் செருக இடமில்லை. மேலும் நூற்றைம்பது அடி ஏறவேண்டும், சரிவு அதே சரிவு, ஆனால் நிமிர்ந்து ஏறலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபோது, அன்றைக்கும் இப்படித்தான் அண்ணாந்தோம் என்று வந்தது, வராமலிருக்கத்தான் இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டு வந்தாள், வந்துவிட்டது. சித்திரை மாசம். கரிசல் காடு, வெடித்துக் கிடக்கிற மண், நடுவில் புதிதாகக் கட்டி முடித்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, நாலு கால், நாற்பதடி உயரம், சிமெண்டு வாசம் இன்னும் போகவில்லை. இரும்பு ஏணியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். அந்த வட்டாரத்தில் பெண் ஓவர்சியர் அவள் ஒருத்திதான், ஏணியில் ஏறினால் ஊரே நின்று பார்க்கும். மேலிருந்து தூக்குக்குண்டை இறக்கினாள். கீழே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மாசானம் நின்றார். அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது, தொட்டி வேலைக்குச் சித்தாளாக வந்தவர், வேலை முடிந்ததும் பம்ப் ஆபரேட்டராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காற்று இல்லாத நேரம். நூல் நிற்கக் காத்திருந்தார்கள். நின்றதும் மாசானம் குனிந்து பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார், வாயைக் குவித்துக் கத்தினார்: "நாப்பத்தொண்ணும்மா!" "சரியாப் பாருங்க!" "சரியாத்தாம்மா இருக்கு. நாப்பது, அதுக்கு மேல ஒரு சின்னக் கோடு. நாப்பத்தொண்ணு!" அந்தக் குரல் காடெல்லாம் கேட்டது. வடகிழக்குக் காலில் நாற்பத்தொரு மில்லிமீட்டர் சாய்வு. கட்டும்போது வந்த சாய்வு இல்லை அது, நின்ற பிறகு வந்தது. அந்தக் காலுக்குக் கீழே கரிசல் இறங்குகிறது. ஏணியில் நின்றபடியே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது. தெரியாது என்று ஒருநாளும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

காசுக்காகச் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட மனசுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும், பேராசை என்று அதற்கு ஒரு பேர் இருக்கிறது. உதவிப் பொறியாளர் மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னார், அதட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். "நாப்பத்தொண்ணுன்னு எழுதினீங்கன்னா மேடம், அஸ்திவாரத்தோட இடிச்சுக் கட்டணும். ஒண்ணரை வருசம். இந்தக் கோடைக்கும் தண்ணி கிடையாது, அடுத்த கோடைக்கும் கிடையாது. அந்தப் பொம்பளைங்க கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க." அந்தப் பொம்பளைகள் மூன்று மைல் நடந்து ஓடையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள். சாயந்தரம் அவள் மறுபடி அந்த ஊருக்குப் போனபோது குடத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதில் பேச்சித்தாய் என்று ஒருத்தி, முப்பது வயசிருக்கும், இடுப்பில் ஒரு குடம் தலையில் ஒரு குடம், சிரித்தால் கண் இடுங்கும். "எப்பம்மா திறப்பிய? நீங்க கையெழுத்துப் போட்டாத் தண்ணி வருமாமே. போட்டுருங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." வீட்டுக்கு வந்து அளவுப் புத்தகத்தைத் திறந்தாள். நாலை முதலில் எழுதுவதா ஒன்றை முதலில் எழுதுவதா. அவ்வளவுதான் வித்தியாசம். பதினாலு. அளவு அனுமதிக்குள் வந்துவிட்டது. பின்னால் யாராவது கேட்டால் இலக்கம் மாறிவிட்டது, கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுவரை அந்த ஒரு நிமிஷத்தில் மனசு யோசித்துவிட்டது. அந்த யோசனைதான். தண்ணீருக்காக எழுதினேன் என்று சொல்லுகிற வாயை அந்த யோசனை வந்து அடைத்துவிடும். புண்ணியத்துக்கு எழுதுகிறவள் தப்பிக்கிற வழியையும் சேர்த்தா எழுதுவாள்? "அக்கா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள் தங்கபுஷ்பம், கம்பியில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "வந்துட்டு. அந்தா தெரியுதுல்லா படி, அதுக்கு மேலதான்." பேச்சித்தாய் நாலு வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். அவள் பிள்ளை பெற்றாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அதையும் தராசில் வைப்பார்களா? ஒரு தட்டில் நாலு வருஷத் தண்ணீர்.

மறுபடி குனியவேண்டியிருந்தது. குறுகலான வழி, பிறகு நிமிர ஒரு சின்ன அறை, பிறகு மறுபடி குறுகல். அந்தச் சின்ன அறையில் நின்றபோது முகத்துக்கு நேரே ஒரு கருங்கல் பலகை குறுக்கே நின்றது, அதில் கை அகலத்துக்கு ஒரு புடைப்பு. அவர் இதைப் பற்றித்தான் சொன்னார், எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் இருந்ததாம், இந்தப் பிரமிடு கடவுளே சொல்லிக் கட்டியது, இதன் ஒவ்வொரு அங்குலத்திலும் உலகத்தின் சேதி ஒளிந்திருக்கிறது என்று நம்பிய கூட்டம். அதை மெய்யென்று காட்ட ஓர் இளவயசு வெள்ளைக்காரர் சங்கிலியும் கோணமானியுமாக வந்து, பக்கத்தில் ஒரு பழைய கல்லறைக்குள் குடியிருந்து, மாதக்கணக்கில் அளந்தாராம். அளந்து முடித்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவரவில்லை என்றே எழுதிவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் இந்தப் புடைப்பை, தான் சொல்லுகிற அளவுக்கு வரட்டும் என்று, அரத்தை வைத்து ராவிக்கொண்டிருந்ததை அவரே பார்த்தாராம். இந்த இடம் வரும்போது கோமதிநாயகத்துக்குச் சிரிப்புப் பொங்கும். "எப்படிப்பட்ட திருட்டுப் பய பாரு ஆவுடை! கணக்கு ஒத்துக்கலைன்னா கல்லை ராவுதான்! நீயெல்லாம் அந்த வெள்ளைக்காரன் சாதி. அளந்தா அளந்ததுதான்." அவள் ரசத்தை ஊற்றுவாள். அந்தக் கதை ஒவ்வொரு தடவை வரும்போதும் ரசக்கரண்டி எவ்வளவு கனம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். புடைப்பின்மேல் கை வைக்கப் போனாள், வைக்கவில்லை, தங்கபுஷ்பம் பின்னாலிருந்து முட்டினாள், குனிந்து, ஊர்ந்து, ராஜாவின் அறைக்குள் வந்து நிமிர்ந்தாள்.

ஒன்றுமில்லை. அதுதான் முதலில் பட்டது. சித்திரமில்லை, எழுத்தில்லை, நாலு சுவரும் இருட்டுச் சிவப்புக் கருங்கல், ஓர் ஓரத்தில் மூடியில்லாத கல்தொட்டி ஒன்று, அதன் மூலை உடைந்திருந்தது. இருபது பேர் நின்றார்கள், இருபது பேர் மூச்சும் வெளியே போகாமல் தேங்கி நின்றது. ஒருத்தி சுவரில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். யாரோ இருமினால் அந்த இருமல் நெடுநேரம் சுவரில் சுற்றியது. ஆவுடை அண்ணாந்தாள். ஒன்பது உத்திரக்கல், ஒவ்வொன்றும் நம்மூர்த் தேர்க் கனம். தெற்கு ஓரமாக, ஆமாம், அவர் சொன்ன மாதிரியே விரிசல். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும், வரிசையாக. "கிழக்குக் கடைசிக் கல்லுல பாரு, விரிசல்ல சாந்து பூசியிருக்கும். கட்டி முடிக்க முன்னாலயே விரிஞ்சிருக்கு, அவனுவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்தாள். இருக்கிறதா, அவர் சொன்னதால் இருக்கிற மாதிரி தெரிகிறதா, மங்கலான வெளிச்சத்தில் வெளிறிய ஒரு தடம். யாரோ ஒருத்தன் இங்கே சாரத்தில் ஏறி நின்றிருக்கிறான். சத்தம் கேட்டிருக்கும் அவனுக்கு, கல் விரிகிற சத்தம் வெடிச்சத்தம் மாதிரி இருக்கும். கீழே இறங்கிப் போய் மேலதிகாரியிடம் சொல்லியிருப்பான். ராஜாவிடம் யார் போய்ச் சொல்லுவது, இருபது வருஷ வேலை, இடிச்சுக் கட்டணும் என்றா? பூசு என்றிருப்பான். பூசிவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான், பெண்டாட்டி ஏதாவது கேட்டிருப்பாள். அவனுடையது நின்றுவிட்டது. நாலாயிரத்தைந்நூறு வருஷம் நின்றுவிட்டது. என்னுடையது ஏன் விழுந்தது என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டது, கேட்டதும் அந்தக் குரலைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஐப்பசி மழை. நாலு நாள் விடாத மழை, ஐந்தாவது நாள் காலை ஏழு மணி, மாசானம் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போன நேரம். வடகிழக்குக் கால் இறங்கி, தொட்டி தண்ணீரோடு படுத்துவிட்டது. குழாயடியில் பேச்சித்தாய் மட்டும்தான் நின்றாள், மற்றவர்கள் அப்போதுதான் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஆவுடை போய்ச் சேர்ந்தபோது கல்லையெல்லாம் அகற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் குடம் ஒன்று நசுங்காமல் ஓரமாகக் கிடந்தது, பச்சை நிறம்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மோட்டாரை நிறுத்தாமல் போனதால் தண்ணீர் வழிந்து அஸ்திவாரம் ஊறிவிட்டது, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று பேசி வைத்தாகிவிட்டது. மாசானம் கைகட்டிக்கொண்டு நின்றார். "நான் காப்பி குடிக்கப் போனது தப்புதான்யா. ஆனா தொட்டி அன்னைக்கே சாய்வுதான்யா. நான்தான் ஸ்கேல் பிடிச்சேன். நாப்பத்தொண்ணு. ஓவர்சியரம்மாவைக் கேளுங்க." "நீ எத்தனாவது படிச்சிருக்க?" "அஞ்சாவதுய்யா." யாரோ லேசாகச் சிரித்தார்கள். அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். மாசானமும் திரும்பினார். பயமே இல்லாமல், கடன் கொடுத்தவனைப் பார்க்கிற மாதிரியுமில்லாமல், தெரிந்த மனுஷியைப் பார்க்கிற மாதிரி, உங்களுக்குத்தான் தெரியுமே என்கிற மாதிரி பார்த்தார். "புத்தகத்தில் இருக்கிறபடிதான் சார். பதினாலு" என்றாள் ஆவுடை. புத்தகத்தில் இருக்கிறபடிதான். அதுவும் பொய்யில்லை. அவருக்கு எட்டு மாதம் ஜெயில், வேலை போயிற்று, மகளுக்கு நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றது. மூன்று வருஷம் முன்னால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சுத் தட்டோடு ஒரு கிழவர் ஜன்னலோரம் வந்தார், அடையாளம் தெரிந்து அவள் முகத்தைத் திருப்புவதற்குள், "நல்லாருக்கியளாம்மா? ரிட்டயர் ஆயிட்டிய போல" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் காலில் விழுந்திருப்பேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். விழுந்திருக்கமாட்டாள். பஸ் கிளம்பும்வரை கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டேதான் இருந்தாள். இப்போது கல்தொட்டியின் விளிம்பில் கை வைத்து நிற்கையில், கோமதிநாயகம் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது, செத்தவர்களின் நெஞ்சின்மேல் வண்டு மாதிரி செதுக்கிய ஒரு கல்லை வைப்பார்களாம், தராசில் ஏறும்போது அந்த நெஞ்சே எழுந்து சாட்சி சொல்லிவிடக்கூடாது என்று. அவ்வளவு பயம் அவர்களுக்கு, வெளிச்சாட்சியைப் பற்றி இல்லை. பதினாறு வருஷமாக ஒரு கல்லை வைத்துத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். மூச்சு வரவில்லை. மேலே ஒன்பது உத்திரம், அதற்கு மேலே மலை. "தங்கம், என்னைப் பிடி" என்றாள். தங்கபுஷ்பம் பிடித்துக்கொண்டாள், "ஏக்கா, இப்படி வேர்க்கு? வாங்க, இறங்கிருவோம், இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு" என்றாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பின்னோக்கித் திரும்பி, ஏணி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு பட்டையாகக் காலால் தடவித் தடவி இறங்கினாள். சொல்லிவிடலாமா. யாரிடம். அவரிடமா? நாற்பது வருஷம் என்னை அந்த வெள்ளைக்காரன் சாதி என்று நினைத்து வாழ்ந்த மனுஷனுக்கு அறுபத்தெட்டு வயசில் இதைக் கொடுக்கவேண்டுமா? சொல்லாமலிருந்தால் யாருக்கு நஷ்டம்? பேச்சித்தாய் வரப்போவதில்லை. மாசானத்துக்கு எழுபது வயசாகியிருக்கும், இனி வேலை வந்து என்ன, போன எட்டு மாதம் வந்து என்ன. இதையெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கடைசியில் அந்த ஒரு குரல், வாயைக் குவித்து, காடெல்லாம் கேட்க. அவர் சரியாகப் படித்தார். அஞ்சாவது படித்தவர் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் படித்தார். அவரை எண்ணத் தெரியாதவர் என்று எழுதி மூடிவிட்டார்கள், அதை அவர் பேரன் பேத்திகூட நம்பிக்கொண்டிருக்கும். கால் தவறியது. பட்டையில் முழங்கால் சிராய்த்தது. கீழே தூரத்தில் பகல் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிந்தது, அதை நோக்கி இறங்கினாள், இறங்கினாள், வெயில் முகத்தில் அறைந்தது.

கோமதிநாயகம் அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வழிகாட்டி ஹிஷாம் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குழந்தை மாதிரி அவர் முகம் விரிந்தது.

"வா, வா, உக்காரு. தண்ணி குடி. விரிசல் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சாந்து?"

"தெரிஞ்சுது."

"பாத்தியா! நான் சொன்னேன்லா!" தொடையில் தட்டிக்கொண்டார். "எமகாதகனுவ. பூசிட்டுப் போயிட்டான், நாலாயிரத்தஞ்ஞூறு வருசம் நிக்கு."

"நான் பூசினது நாலு வருசம்தான் நின்னுச்சு" என்றாள் ஆவுடை.

அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, "என்னது?" என்றார்.

"அந்தத் தண்ணித்தொட்டி. தூக்கு நாப்பத்தொண்ணு இருந்துச்சு. நான் பதினாலுன்னு எழுதினேன். மாசானம் சரியாத்தான் சொன்னாரு. விசாரணையில நான் மறைச்சுட்டேன்."

சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. ஒட்டகக்காரன் ஒருவன் அருகில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு அவர் கேட்டார்: "தெரிஞ்சா எழுதின?"

"தெரிஞ்சுதான்."

"அன்னைக்குப் பேப்பர்ல பாத்துட்டு நான் அந்த ஆளைத் திட்டினேன். படிப்பில்லாத பய கையில மோட்டாரைக் குடுத்தா இப்படித்தான்னேன். நீ எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே ஆவுடை."

ஹிஷாம் கைக்கடிகாரத்தைக் காட்டினான், பஸ் கிளம்ப நேரமாயிற்று. இந்த ஐந்து நாளும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தவர், எழுந்து, ஹிஷாமின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் மணலில் மெதுவாக முன்னால் போனார்கள். அவள் பின்னால் போனாள். தங்கபுஷ்பம் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. பஸ்ஸில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள், போகவில்லை. வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது, ஆனால் அது புதிது, இதற்கு முகம் இருந்தது. ஊருக்குப் போனதும் எந்த ஆபீசுக்குப் போகவேண்டும், யாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும், கேஸ் போடுவார்களா, ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா, மகள் என்ன சொல்லுவாள், அதற்கெல்லாம் முன்னால் மாசானத்தின் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது அவர் உட்காருங்கம்மா என்று சொல்லிவிடுவாரே, அதை எப்படித் தாங்குவது. பஸ் கெய்ரோவுக்குள் நுழைந்து நெரிசலில் நின்றது. நிமிர்ந்தபோது கோமதிநாயகம் இருக்கைகளின் முதுகைப் பற்றிப் பற்றி, ஒவ்வோர் எட்டுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நடுவழியில் வந்துகொண்டிருந்தார். எழுந்து பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அந்த அளவுப் புத்தகம் இன்னும் இருக்குமா?"

"ரெக்கார்டு ரூம்ல இருக்கும்."

"மாத்தி எழுத முடியுமா?"

"முடியாது. அதை எழுதினது நான்தான், தெரிஞ்சே எழுதினேன்னு சொல்ல முடியும்."

அவர் அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அதில் உட்காரவில்லை. வழிக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இருக்கையில் மெல்ல அமர்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

அவள் அந்தச் சித்திரை மாசத்துக் காலையில், ஏணியில் கால் வைத்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.